நிபந்தனை 4-ஐத் திரும்பப் பெறுங்கள்: மனநல மறுவாழ்வுத் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதே விஷயமாக நாங்கள் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. தேதி மட்டும் வேறு. இரண்டையும் கோப்பில் சேர்த்தவள் நான்தான். மனநோயோடு வாழும் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து நடத்தும் மறுவாழ்வு மையம் எங்கள் கிளப்ஹவுஸ்; அதன் அலுவலகப் பிரிவில் தபால் பார்ப்பது என் பொறுப்பு. பரிசீலிப்பவர் யார், எந்த மேசையில் இருக்கிறார் என்று தெரியாததால் இம்முறை ஊரறிய எழுதுகிறோம்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். உறுப்பினர்களை வெளி அலுவலகங்களில் சில மாதம் சம்பள வேலையில் சேர்க்கும் இடைக்கால வேலைத் திட்டத்துக்கு நிதி தொடர வேண்டுமானால் ஐந்து நிபந்தனைகள் என்று சுற்றறிக்கை அனுப்பினீர்கள். நான்கைப் பற்றி எங்களுக்குத் தகராறு இல்லை. வேலைக்குப் போகும் "பயனாளி" ஆறு மாதமாக நோய் அறிகுறி எதுவும் இல்லாமல் முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என மருத்துவர் சான்று தர வேண்டும் என்கிற நிபந்தனை 4-ஐ மட்டும் திரும்பப் பெறுங்கள். (நாங்கள் பயனாளிகள் இல்லை, உறுப்பினர்கள். அது வேறு சண்டை, பிறகு வைத்துக்கொள்ளலாம்.)

அந்த நிபந்தனை காகிதத்தில் ஒன்றரை வரி. எங்கள் கட்டடத்தில் அது என்ன செய்தது என்று சொல்கிறேன்.

எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஓர் உறுப்பினர் இருக்கிறார். பதினொரு வருடம் வேலையில்லாமல் இருந்தவர். இங்கே வந்த முதல் சில மாதம் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் வருகைப் பட்டியலைத் தட்டச்சு செய்ய ஆள் குறைந்தது. "நீங்க கொஞ்சம் பார்க்கிறீங்களா அக்கா?" என்று கேட்டோம். சும்மா பழக்குவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆள் இல்லை. கிளப்ஹவுஸில் வேலை என்பது அப்படித்தான் நடக்கும். சமையல், கணக்கு, தொலைபேசி, செய்திமடல் எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் தோளோடு தோள் நின்று செய்கிறோம். உறுப்பினர்கள் கை வைக்காவிட்டால் வேலை நின்றுபோகும் அளவுக்குத்தான் ஊழியர் எண்ணிக்கையே இருக்கும். பட்டியலில் தொடங்கிய அக்கா தொலைபேசிக்கு வந்தார். அதன் பிறகு, "எனக்கும் வெளியில ஒரு வேலை பாருங்க" என்று தானாகவே கேட்டார்.

ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் வேலை கிடைத்தது. தினம் நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள். அதே வேலைக்கு மற்றவர்களுக்குத் தரும் சம்பளம், அந்த அலுவலகமே தருகிறது. எங்கள் ஊழியர் முதலில் தானே அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, பிறகு பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். உறுப்பினர் வர முடியாத நாளில் கிளப்ஹவுஸிலிருந்து வேறொருவர் போய் அந்த நாற்காலியில் உட்காருவார் என்பது முதலாளிக்கு நாங்கள் தரும் வாக்கு. ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆனதும் இடம் அடுத்த உறுப்பினருக்குப் போகும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. இரவெல்லாம் நோயினால் காதுக்குள் குரல்கள். காலையில் போன் செய்து, "இன்னிக்கு முடியாது" என்று சொன்னார். ஊழியர் போனார், வேலை நடந்தது. மறுநாள் காலை அக்கா அந்த அலுவலகத்துக்குப் போய் நின்றார். முன்பெல்லாம் ஒருநாள் போகாவிட்டால் வெட்கத்திலேயே வேலையை விட்டுவிடுவாராம். அப்படி நான்கு வேலை போயிருக்கிறது. முடியாத நாளில் போனை எடுத்துச் சொல்வது, மறுநாள் தலை நிமிர்ந்து போய் நிற்பது. ஸ்கேனரை இயக்க இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். போனில் சொல்லவும் மறுநாள் போய் நிற்கவும் கற்க அவருக்குப் பதினொரு வருடம் ஆயிற்று, ஐயா. வேலைத்திறன் என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்குள் இதை எப்படி எழுதுவது?

நீங்கள் எழுதினீர்கள். அந்த ஒருநாள் விடுப்பைக் காட்டி, நிபந்தனை 4-இன்படி சான்று வரும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னீர்கள். அந்த அலுவலகம் ஒரு குறையும் சொல்லவில்லை. நாளைக்கு அவர் வருவாரா என்றுதான் கேட்டார்கள். அடையாள அட்டையைத் திருப்பித் தர அக்காவோடு நானும் போனேன். கழுத்துப் பட்டையைக் கழற்றி, அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, படம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். "எனக்கு வேற போட்டோ இல்லை, இதை மட்டும் கிழிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றார்கள். அது அவர்கள் விதி, அவர்கள் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து அக்கா மறுபடியும் வாசல் பக்கத்து நாற்காலியில்.

சான்றுக்கு மருத்துவரிடம் போனோம். "தொடர்ந்து சிகிச்சை எடுக்கிறார், இந்த வேலையைச் செய்கிறார் என்று எழுதித் தருகிறேன். முழுமையாகக் குணமடைந்தார் என்று எப்படி எழுதுவது?" என்றார். நியாயம்தானே? சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் எழுத்தரிடம் "இனி சர்க்கரை ஏறாது" என்று யாராவது சான்று கேட்கிறார்களா? அக்காவுக்குக் குரல்கள் இன்னும் கேட்கின்றன. ஸ்கேனர் ஓடும்போது கொஞ்சம் அடங்குகின்றன என்பார். நீங்கள் கேட்பது குணமானால் வேலை என்று. அவருக்கோ வேலைதான் குணத்துக்கு வழி.

இது நாங்களாகக் கண்டுபிடித்த வாதமும் இல்லை. மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் நியூயார்க் நூலகப் படிக்கட்டில் கூடிப் பேசத் தொடங்கி, "நாங்கள் தனியாக இல்லை" என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1948-இல் அது ஃபவுண்டன் ஹவுஸ் என்கிற முதல் கிளப்ஹவுஸ் ஆயிற்று. இன்று உலகெங்கும் கிளப்ஹவுஸ்கள் ஏற்று நடக்கும் நெறிகளில், இடைக்கால வேலைக்கு முக்கியமான தகுதி வேலை செய்ய வேண்டும் என்கிற விருப்பம்தான் என்று இருக்கிறது. முந்தைய வேலையில் தோற்றவருக்கும் அடுத்த வாய்ப்பு உண்டு என்றும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, வேலை செய்யும் உரிமையில் பாகுபாடு கூடாது என்கிறது. நீண்டகால மனநலக் குறைபாடு உள்ளவர்களும் அதில் அடக்கம். உங்கள் அலுவலகச் சுவரில் அந்த உடன்படிக்கையின் சுவரொட்டி சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி மிகவும் சுத்தமாக இருந்தது.

சுற்றறிக்கைக்கு விளக்கம் கேட்டு வந்தபோது, உங்களில் ஒருவர் "கிளப் என்றால் சீட்டாடுகிற மனமகிழ் மன்றமா?" என்று கேட்டதை மறந்துவிடுகிறேன். இன்னொருவர், வேலைக்குப் பதிலாகக் கவர் ஒட்டும் பயிற்சி தரலாமே என்றார். தந்திருக்கிறார்களே! இங்கே வருவதற்கு முன் நானே மூன்று இடத்தில் கவர் ஒட்டியிருக்கிறேன், மூன்று சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்தது நான்காவது பயிற்சி. முதலில் தயார் செய், பிறகு வேலை கொடு என்கிற முறையைவிட, நிஜ வேலையில் சீக்கிரமாகச் சேர்த்துவிட்டுக் கூடவே துணை நிற்கும் முறையில் கூடுதலானவர்களுக்கு வேலை கிடைக்கிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டிவிட்டன. கவர்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பசை, மாதிரி அட்டை, நிறைவு விழா, குத்துவிளக்கு, உங்களோடு ஒரு குழுப் படம்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நிபந்தனை 4-ஐத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். மருத்துவரின் கருத்து வேண்டும் என்றால் அவர் எழுதத் தயாராக இருப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மேற்பார்வை வேண்டும் என்றால் எங்கள் பதிவேடுகள் திறந்தே இருக்கின்றன. ஒருநாள் நேரில் வந்து பாருங்கள். வந்தால் உங்களுக்கும் ஒரு வேலை தருவோம், அது வருகிற எல்லோருக்கும் உள்ள வழக்கம். சான்று எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இப்போதைக்கு அந்த ஸ்கேனர் முன்னால் எங்கள் ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த மாதம் 30-ஆம் தேதிவரை பொறுப்பதாக அந்த அலுவலகம் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆகவே பதிலை அதற்கு முன்னால் அனுப்ப வேண்டுகிறோம். இந்த முறை "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தால் கோப்பில் வைக்க இடமில்லை.

இப்படிக்கு,
அலுவலகப் பிரிவின் சார்பில்
ஓர் உறுப்பினர்