மாப்ளைக்கு, பய விஷயமா

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் 11 நிமிஷம். ரெண்டு தடவ கேட்டேன், முதல்ல பஸ்ல, அப்புறம் ராத்திரி மொட்டமாடில உக்காந்து. போன்லயே பேசிருக்கலாம்தான், ஆனா நீ குறுக்க குறுக்க பேசுவ, எனக்கு கோவம் வரும், அதான் டைப் பண்றேன். வீட்டு நியூஸ் முதல்ல சொல்லிடுறேன். அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம், என் தலைல எத்தன நரைன்னு எண்ணிச் சொல்லுது. எனக்கு மறுபடியும் டிரான்ஸ்பர்னு ஒரு பேச்சு ஓடுது. அது கெடக்கட்டும்.

உன் அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன். குடிச்சு, கஞ்சா அடிச்சுதான் பய இப்படி ரூம்குள்ள மொடங்கிட்டான்னு அக்கா சொல்லுது. டிப்ரஷனாவது மண்ணாவது, குடிக்கிறதுக்கு ஒரு சாக்குன்னு அத்தான் சொல்றாரு. இதுல எது முதல்ல வந்துச்சுன்னு நீ கேக்குற. 16 வருஷமா சைக்கியாட்ரி ஓபில சோஷியல் வொர்க்கரா உக்காந்திருக்கேன் டா, இதே கேள்விய வாரத்துக்கு நாலு வீட்டுக்காரங்களாவது கேட்டுட்டு போவாங்க. சில பேருக்கு குடி முதல்ல வரும், சில பேருக்கு சோகம் முதல்ல வரும். ஆனா நான் பாத்தவரைக்கும் முக்காவாசி வீட்டுல ரெண்டுக்கும் முன்னாடியே ஒன்னு வந்து நடுக்கூடத்துல உக்காந்திருக்கும், அத மட்டும் யாரும் பேச மாட்டாங்க.

அது என்னன்னு சொல்றேன் கேளு. அமெரிக்காவுல சான் டியாகோல ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர், 1980கள்ல எடை குறைக்கிறதுக்கு கிளினிக் நடத்துனாரு. நல்லா எடை குறைஞ்சுட்டு இருந்தவங்களே பாதில நின்னு போனாங்க. ஏன்டா இதுன்னு ஒவ்வொருத்தரா உக்கார வச்சு கேட்டா, நெறைய பேரு சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க. சாப்பாடு அவங்களுக்கு ஆறுதலா இருந்திருக்கு. இவரு எத நோயின்னு நெனச்சாரோ அத அவங்க மருந்தா வச்சிருந்திருக்காங்க. அப்புறம் ஆண்டான்னு இன்னொரு டாக்டரும் இவரும் சேந்து 9,500 பேருக்கு மேல விசாரிச்சு 1998ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சின்ன வயசுல வீட்டுல அடி, கேவலமான திட்டு, அம்மா அடி வாங்குறத பாக்குறது, வீட்டுல ஒரு ஆளு குடிக்கிறது, இப்படி 7 வகை. இதுல நாலு, அதுக்கு மேல அனுபவிச்சவங்களுக்கு குடி, போதை, டிப்ரஷன், தற்கொலை முயற்சி வர்ற ஆபத்து, ஒன்னுமே இல்லாதவங்கள விட 4லேர்ந்து 12 மடங்கு. ஒரே லிஸ்ட்டுதான் மாப்ள, போதைக்கும் அதுதான், சோகத்துக்கும் அதுதான்.

நீ மறந்திருக்க மாட்ட, ஒரு தீபாவளிக்கு நாம ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்கு போயிருந்தப்ப அத்தான் சோத்துத் தட்ட தூக்கி எறிஞ்சாரே, பயலுக்கு அப்ப எட்டு வயசு இருக்கும், அவன் அழவே இல்ல, யாரும் சொல்லாமலே உள்ள போயி வெளக்கமாத்த எடுத்துட்டு வந்து சோத்த கூட்டுனான். எனக்கு அன்னைக்கே வயித்த கலக்குச்சு. எட்டு வயசு பயலுக்கு அது பழகிப் போயிருந்துச்சு டா.

அத்தான திட்டுறதுக்காக சொல்லல. அவரு அப்பாவும் அப்படித்தானாமே. இதுல ரத்தமும் ஒரு பங்கு இருக்கு. இரட்டைப் பிள்ளைங்கள வச்சு பண்ணுன ஆய்வுகள்ல குடி அடிமைத்தனத்துல ஏறக்குறைய பாதி பரம்பரைன்னு வருது, டிப்ரஷன்ல அத விட கொஞ்சம் கம்மி. அந்த பரம்பரைலயும் ரெண்டுக்கும் பொதுவானது கொஞ்சம் இருக்கு. அதுக்காக தலையெழுத்துன்னு விட்டுறவும் முடியாது, மீதி வளர்ற சூழ்நிலைல இருக்கு, அதுல நம்மால மாத்த முடிஞ்சதும் இருக்குல்ல.

அப்புறம் வயசு. மனநோய்ல பாதி 14 வயசுக்குள்ள, முக்காவாசி 24க்குள்ள தொடங்கிடுதுன்னு 2005ல வந்த ஒரு பெரிய அமெரிக்க சர்வே சொல்லுது. மூளையில நிதானம் பண்ற முன்பகுதி முழுசா வளர 25 ஆகிடும். அந்த வயசுலதான் கட் ஆஃப், ஹாஸ்டல், அரியர், லவ் ஃபெயிலியர், ராத்திரி மூனு மணி வரைக்கும் போன், எல்லாத்தையும் மொத்தமா தூக்கி தலைல வைக்கிறோம், கூடவே ரூம்மேட் ட்ரீட்டுன்னு பாட்டில தொறக்குறான். தூக்கமில்லாதவன் ஒரு பெக் போட்டா ஒடனே தூக்கம் வந்துரும், அதுல ஏமாந்துடுறாங்க, ஆனா பாதி ராத்திரில முழிப்பு தட்டிரும், காலைல மனசு முன்ன விட பாரமா இருக்கும், மறுநாள் ரெண்டு பெக். இப்படித்தான் ரெண்டும் ஒன்ன ஒன்னு வளக்குது.

உன்கிட்ட ஒன்னு சொல்லணும், இத்தன வருஷம் சொல்லல. செகண்ட் இயர்ல ஒரு மாசம் நான் கிளாஸுக்கே வரல, மஞ்சக்காமாலைன்னு சொன்னேன்ல, அது பொய் டா. எந்திரிக்கவே முடியல, அவ்ளோதான். நீ தெனமும் மெஸ்லேர்ந்து ரசம் சாதம் கொண்டாந்து வச்சுட்டு ஒன்னும் கேக்காம போவ. பாட்டில் என் கட்டிலுக்கு கீழயே இருந்துச்சு, பக்கத்து ரூம் காரனுது. நான் ஏன் தொடலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியல, ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா நீ வருவன்னு தெரியும்.

சரி, இப்ப பண்ண வேண்டியத சொல்றேன். அத்தான் சொல்ற மாதிரி ரூம்ல போட்டு பூட்டி குடிய நிறுத்துற வேலை வேணவே வேணாம். தெனமும் நெறைய குடிக்கிறவன் திடீர்னு நிறுத்துனா கை நடுங்கும், ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்வைலதான் நிறுத்தணும். போன வருஷம் ஒரு பயல ஒரு எடத்துல குடிய விட்டுட்டு வா அப்புறம் டிப்ரஷனுக்கு பாக்கலாம்னு சொன்னாங்க, இன்னொரு எடத்துல மனச சரி பண்ணிட்டு வான்னாங்க, அவன் ரெண்டு எடத்துக்கும் போறதயே விட்டுட்டான். அதனால ரெண்டையும் சேத்து பாக்குற டாக்டரா பாரு. குடி நின்னு சில வாரம் கழிச்சும் சோகம் அப்படியே இருக்கான்னு அவங்க கவனிப்பாங்க, அதுக்குள்ள அவசரப்படாத. கஞ்சா மேட்டர டாக்டர்கிட்ட சொன்னா வெளிய தெரிஞ்சிருமோன்னு அக்கா பயப்படுதுல்ல, 2017 மனநல சட்டத்துல போதையால வர்ற மனநல பிரச்சனையும் சேத்திதான், நோயாளி சொல்றத ரகசியமா வச்சுக்கணும்னும் அதுல இருக்கு. அவன் நேர்ல வரமாட்டேன்னா 14416க்கு கூப்பிட சொல்லு, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். சாகணும்ங்கிற மாதிரி எதாவது பேசுனா மட்டும் ஒரு நிமிஷம் கூட தனியா விடாத, நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போ.

நீ தாய்மாமன். அட்வைஸ் பண்ணாத, ஞாயித்துக்கிழம பைக்ல கூட்டிட்டு போயி பரோட்டா வாங்கி குடு, போதும். பேசுனா பேசட்டும்.

இன்னொன்னு. அந்த 11 நிமிஷத்துல அக்கா பொண்ணு பாப்பாவ பத்தி நீ ஒரே ஒரு தடவதான் சொன்ன, "அவ நல்லா படிக்கிறா, அவளால ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு. அவளும் அதே வீட்டுலதான வளந்தா? காதுகுத்துல பாத்தேன், பந்தி முடியிற வரைக்கும் எல்லாருக்கும் ஓடி ஓடி பரிமாறுனா, அவ எலைல ரெண்டு வாய் கூட எறங்கல, கண்ணுக்கு கீழ கருப்பு. அத்தான் குரல் கொஞ்சம் ஒசந்தப்ப, அந்த புள்ள கைல இருந்த சாம்பார் வாளி ஆடுச்சு டா. பொண்ணுங்க பாட்டில எடுக்கலன்னா நாம கவனிக்கிறதே இல்ல. அடுத்த வாரம் போறப்ப அவளயும் பைக்ல ஏத்திக்க, இல்லனா ஆட்டோ புடி, மூனு பேரா போங்க.

போயிட்டு வந்து சொல்லு. இந்த தடவ அஞ்சு நிமிஷத்துக்குள்ள.

உன் மாப்ள