பொள்ளலுக்குத் தமிழில் என்ன?

கேரளத்துப் பாலக்காட்டில் தமிழ் பேசும் நம் கொழிஞ்சாம்பாறை சொந்தங்களுக்கு வணக்கம்.

அன்று காலை எங்கள் இட்லிக் கடை அடுப்படியில் தீப்பிடித்து என் கை வெந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை. வலது கையில் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். நேற்று விரல்களை மடக்கி, டம்ளரை நானே பிடித்துக் காப்பி குடித்தேன். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ஈரச் சாக்கோடு உள்ளே பாய்ந்த பக்கத்துக் கடை அண்ணன், 101-க்கு அழைத்த பிள்ளைகள், காசு வாங்க மறுத்த ஆட்டோ தம்பி, ராத்திரி பகல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சேச்சிமார், இன்றுவரை சோறு கொடுத்தனுப்பும் வீடுகள் எல்லோரையும் மனசால் கும்பிடுகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் அன்று அங்கே இல்லை. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம். கேரளத்தில் 2010-இல் தொடங்கிய மாணவர் போலீஸ் படையில், அதாவது எஸ்.பி.சி.யில் இருக்கிறாள். போன வருஷம் ஃபயர் ஃபோர்ஸிலிருந்து ஒரு சார் வந்து அவர்களுக்கு வகுப்பெடுத்தார். எல்லாம் மலையாளத்தில். வெள்ளம் என்றால் தண்ணீர் என்று எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் முன்கருதல் (முன்னெச்சரிக்கை), சிகிச்ச (சிகிச்சை) என்று வேகமாகப் போனால் பாதி நழுவிவிடும். புரியவில்லை என்று சொல்லவும் பிள்ளைகளுக்குக் கூச்சம்.

கடைசி வரிசையில் பேனா ஓடாததை அவர் கவனித்திருக்கிறார். கோபப்படவில்லை. "பொள்ளலினு தமிழில் எந்தா பறயுக?" என்று கேட்டிருக்கிறார். தீக்காயம் என்றது ஒரு பிள்ளை. சூடு பட்டது, வெந்து போச்சு என்று இன்னும் இரண்டு குரல். மூன்றையும் மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாராம். வகுப்பு முடிந்தும் போகாமல் கொப்புளம், மூச்சு, மயக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் வந்தவர் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து முழு வகுப்பையும் தமிழில் நடத்தினார். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் ஒரு பிள்ளையும் எழுதாமல் இல்லை.

அன்று என் கையைப் பார்த்ததும் தோசை மாவைப் பூசு, இங்க் ஊற்று என்று பாசத்தில் ஓடிவந்தார்கள். நானே பேஸ்ட் கேட்டுத்தான் கத்தினேன். மகள் யாரையும் நெருங்கவிடவில்லை. வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினாள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவில்லை, ஐஸும் வைக்கவிடவில்லை. குழாயடியில் என் கையை நீட்டிப் பிடித்து, போனில் மணி பார்த்து, முழுசாக 20 நிமிஷம். "வெந்து போனா தண்ணி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அந்த சாரின் வாக்கியம்.

வெந்த பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், ஓடுகிற தண்ணீர்தான் அதை இழுத்து ஆற்றும், மாவும் பேஸ்ட்டும் சூட்டை உள்ளேயே பூட்டிக் கிருமியையும் சேர்த்துவிடும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். யார் தண்ணீர் காட்டியது என்று கேட்டார். நான் மகளைக் கை காட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ப்ளஸ் டூ முடித்து ஃபயர் ஃபோர்ஸில் சேருவேன் என்று இவள் போன வருஷம் சொன்னபோது, பொட்டப்பிள்ளைக்கு அது எதுக்கு என்று வாயை அடைத்தவள் நான். கேரளத் தீயணைப்புப் படையில் இப்போது பெண்களும் இருக்கிறார்கள். சொன்ன வார்த்தையை இங்கே எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக அவளை நீச்சல் பழக அனுப்பப் போகிறேன்.

சாரே, அந்த நோட்டை ஒருமுறை எனக்குக் காட்ட வேண்டும். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. மகள் வாசித்துக் காட்டுவாள்.