தோளைக் காட்டினாயா?

அன்புள்ள பெரியவனுக்கு,

தோளை டாக்டரிடம் காட்டினாயா? அம்மா மூன்று வாரமாகக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். வேலையாக இருப்பாய், சரி. தோளை மட்டும் தள்ளிப் போடாதே. பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக் காட்டுகிற கை அது.

நேற்று சான் பிரான்சிஸ்கோவில் நார்த் பீச் பக்கம் போயிருந்தேன். அந்த விளையாட்டுத் திடலுக்குப் பெரிய பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ பெயர்தானே வைத்திருக்கிறார்கள். நீ மட்டும் அவருடைய அண்ணன் வின்ஸ் படத்தை உன் அறையில் ஒட்டியிருந்தாய். "போயும் போயும் இவரையா?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வந்து அவரைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

அவர்கள் அப்பா சிசிலியிலிருந்து வந்த மீனவர். பிள்ளைகள் படகில் ஏற வேண்டும் என்று நினைத்தவர். அவரிடம் முரண்டு பிடித்து பேஸ்பாலுக்கு வழி திறந்தது வின்ஸ். 1932இல் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று பந்தைத் தடுக்க ஆள் தேவைப்பட்டபோது, "என் தம்பி இருக்கிறான்" என்று சொன்னதும் அவர்தான். மறு வருடமே தம்பி ஜோ தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைப் பத்திரமாக எட்டினார். அண்ணன் அதற்குள் வேறு அணிக்குப் போயிருந்தார். கடைசித் தம்பி டாம் பாஸ்டனில் பெயர் வாங்கினார். மூன்று பேருமே சென்டர்ஃபீல்டில், மைதானத்தின் நடுவே பின்னால் நின்று பந்து பிடித்தவர்கள். வின்ஸ் என்றால் 1938இல் 134 முறை பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக்அவுட் ஆனதைத்தான் சொல்கிறார்கள். 125 ஹோம்ரன் அடித்திருக்கிறாரே! தேர்ந்தெடுத்த வீரர்கள் மட்டும் ஆடுகிற 1943 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் பாதியில் இறங்கி மூன்று முறை மட்டை பிடித்தார், மூன்றும் ஹிட். அதில் ஒன்று மூன்றாவது பேஸ் வரை ஓடிய ட்ரிப்பிள், ஒன்று ஹோம்ரன். அதைப் படித்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது.

சின்னவனுக்கு முதல் கிளவ் வாங்கித் தந்தது நீ. அவனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனது நீ. அவன் ஆட்டத்துக்கெல்லாம் நான் லீவு போட்டு வந்தேன். நீ ஆடி நான் பார்த்தது இரண்டே முறை. இரண்டாவது முறை நீ ஸ்ட்ரைக்அவுட் ஆனதும் எழுந்து காருக்குப் போய்விட்டேன். நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் தினமும் ஒரு போன் பேசு. இவ்வளவு பிடிவாதம் ஆகாது.

கிரகப்பிரவேசத்தன்று "பெரியவர் என்ன செய்கிறார்?" என்று வந்திருந்தவர் ஒருவர் கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன். நீ பின்னால் தாம்பாளத்தோடு நின்றிருந்தாய். பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லித் தருகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சாப்பிடாமலே கிளம்பிவிட்டாய். அவசரம் போல என்று அம்மாவிடம் சொன்னேன். காரணம் எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது, பெரியவனே. அன்றைக்கு மட்டும் இல்லை, இத்தனை வருடமும்.

சனிக்கிழமை உன் பிள்ளைகளுக்கு ஆட்டம் என்று சின்னவன் சொன்னான். காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. கடைசி இன்னிங்ஸ் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குள் தோளைக் காட்டிவிடு.

அப்பா