மருந்துத் தாளில் வரும் பல பொருள் சொற்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

யாஷ் நகரம், ருமேனியா

அன்பு மகளுக்கு,

புக்காரெஸ்டில் உனக்குக் கிடைத்திருக்கும் முதல் பெரிய வேலை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத்தாளை ஆங்கிலத்திலிருந்து ருமேனிய மொழிக்குக் கொண்டுவருவது என்று அறிந்து மகிழ்ந்தேன். நீ அனுப்பிய சொற்பட்டியலையும் படித்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு ருமேனியச் சொல்லை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாய். இத்தனை ஆண்டுகள் இதே தொழிலில் இருந்த எனக்கு அப்படி எழுதித் தர மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உன் பட்டியலில் முதலில் இருப்பது 'ஸ்பிரிங்'. வசந்த காலம், நீரூற்று, சுருள்வில் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். நம் ருமேனிய மொழியிலோ 'பிரிமவாரா', 'இஸ்வோர்', 'ஆர்க்' என்று மூன்று தனிச் சொற்கள் உண்டு. இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் சுருள்வில்லை யாராவது 'பிரிமவாரா' என்று எழுதிவிட்டால், மெய்ப்புப் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். இத்தகைய சொற்களுக்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தவறாக எழுதினாலும் சரியாக எழுதியது போலவே தோன்றும் சொற்கள்தான் நீ அஞ்ச வேண்டியவை.

'டிரக்' என்பது ஆங்கிலத்தில் மருந்தையும் குறிக்கும், போதைப்பொருளையும் குறிக்கும். நம் 'த்ரோக்' போதைப்பொருளை மட்டுமே முதலில் நினைவூட்டும். நோயாளி விழுங்குவது 'மெதிகமென்த்'. இதயக் 'கண்டிஷன்' என்று வந்தால் அது நோய், ஆகவே 'அஃபெக்ட்சியூனே' என்று எழுத வேண்டும். 'கொந்தீட்சியே' என்பது ஒப்பந்தத்தில் வரும் நிபந்தனைக்கோ உடல் தகுதிக்கோ பொருந்தும். இவற்றைக்கூட ஒரு நல்ல மருத்துவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது 'எவென்ச்சுவலி' என்னும் சொல். அறிகுறிகள் சில வாரங்களில் எவென்ச்சுவலி மறையும் என்று ஆங்கிலத்தில் இருந்தால், அவை இறுதியில் மறைந்தே தீரும் என்பது பொருள். அதை நம் 'எவென்துவால்' என்று எழுதினாலோ, 'மறைந்தாலும் மறையலாம்' என்றாகிவிடும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது, படிப்பவருக்கும் உறுத்தாது, ஆனால் ஓர் உறுதிமொழி சந்தேகமாக மாறி அச்சேறிவிடும். அங்கே 'ஈன் செலே தின் ஊர்மா' என்று எழுது.

இந்தத் தொல்லைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நம் மொழி லத்தீனிலிருந்து வந்தது. போதாக்குறைக்கு 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்தும் ஏராளமான சொற்களை எடுத்துக்கொண்டது. ஆங்கிலமும் அதே இரு இடங்களில் நிறையக் கடன் வாங்கியது. வாங்கிய பிறகு ஒவ்வொரு மொழியும் சொல்லைத் தன் போக்கில் வளர்த்ததால், உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கிறது. நீ மொழிபெயர்க்கும் தாளின் பெயரே இதற்குச் சாட்சி: நமக்கு அது 'ப்ரோஸ்பெக்த்', ஆங்கிலத்தில் அதே உருவமுள்ள சொல்லுக்கு வருங்கால வாய்ப்பு என்று பொருள்.

அடுத்தது 'டைம்'. மருந்துத் தாளில் இதைவிட ஆபத்தான சொல் இல்லை என்று சொல்லத் துணிவேன். மருந்தை 'அட் த சேம் டைம்' எடுத்துக்கொள்ளவும் என்பதற்கு, நாள்தோறும் கடிகாரத்தில் அதே நேரத்தில் என்று பொருள் கொள்ளலாம்; வேறொரு மருந்தோடு சேர்த்து ஒரே வேளையில் என்றும் கொள்ளலாம். முதலாவது 'லா அச்செயாஷி ஓரா', இரண்டாவது 'ஈன் அச்செலாஷி திம்ப்'. எது என்று முடிவு செய்யும் பொறுப்பை ஆங்கிலம் உன் தலையில் கட்டிவிட்டுப் போய்விடும். முந்தைய வரியில் வேறு மருந்தின் பெயர் இருக்கிறதா, அடுத்த வரியில் 'நாள்தோறும்' என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். நம் மொழியும் இந்த இடத்தில் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. 'லா ஓரா 8' என்றால் எட்டு மணிக்கு. 'லா 8 ஓரே' என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்னதை நாளைக்கு ஒருமுறை என்று படிப்பவர், பின்னதை மூன்று வேளை என்று படிப்பார். ஆகவே இடைவெளியைச் சொல்லும் இடத்தில் 'ஒவ்வொரு' என்பதற்கான சொல்லையும் தயங்காமல் சேர்த்துவிடு. வரி நீண்டாலும் பரவாயில்லை.

'மே நாட்' என்பதையும் ஒரே மூச்சில் கடந்து போகாதே. 'நு அவெட்சி வோயே' என்று எழுதினால் தடை. 'எஸ்தே பொசிபில் சா நு' என்று எழுதினால் வெறும் வாய்ப்பு. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்கிறார்களா, நோயாளிக்கு மயக்கம் தெரியாமலும் போகலாம் என்று சொல்கிறார்களா என்பதை வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

பக்க விளைவுகளின் அட்டவணையில் 'டிஸ்சார்ஜ்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் தனியே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். கட்டத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. அந்த வரிசையின் தலைப்பு கண், காது என்று உறுப்பைச் சொன்னால், அது வடியும் நீர். 'செக்ரேட்சியே' என்று எழுது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு 'எக்ஸ்தெர்னாரே' என்றும், கருவியின் பேட்டரி தீர்வதற்கு 'தெஸ்கர்காரே' என்றும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

ஆங்கில 'யூ'வைப் பற்றி நீ கேட்கவே இல்லை. ஆனால் 'நீ', 'நீங்கள்' இரண்டையும் குறிப்பதால் அதுவும் பல பொருள் சொல்தான். நோயாளியிடம் பேசும் தாளில் 'தும்னியவோஸ்த்ரா' என்ற மரியாதை வடிவம் தவிர வேறெதுவும் வரக் கூடாது. அத்துடன் நம் பெயரடை ஆணா பெண்ணா என்று கேட்கும். ஒவ்வாமை உள்ளவரைக் குறிக்க, பொதுவான மருந்துக்கு 'அலேர்ஜிக்' என்று ஆண்பாலில் எழுதுவதே வழக்கம். கருத்தடை மாத்திரையின் தாளிலும் அதையே எழுதிவைப்பது சோம்பேறித்தனம். அங்கே 'அலேர்ஜிக்கா' என்று எழுது. களைப்பு, தலைச்சுற்றல் போன்றவற்றைப் பெயர்ச்சொல்லாகவே சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

ஆகவே பட்டியலை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். சொல் வரும் வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் சேர்த்து எனக்கு மறுபடியும் அனுப்பு. மருந்தின் அளவும் வேளையும் வரும் பகுதியை முதலில் அனுப்பிவிடு. மற்றவற்றை வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா