சீகை நாற்று பிடுங்கப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வகுப்புகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நீச்சல், ஓவியம், ரோபோ என்று போகும் அந்தப் பட்டியலில் எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒன்று விட்டுப்போயிருக்கிறது: காட்டு வேலை.

நான் கோத்தகிரிக்காரி. சென்ற கோடையில் என் மகன் பதினொன்றாம் வகுப்பு முடித்த கையோடு, புல்வெளியை மீட்கும் ஒரு சிறு குழுவிடம் நான்கு வாரம் வேலைக்குப் போனான். சீகை நாற்று பிடுங்குகிற வேலை. சீகை என்றால் சீகைக்காய் இல்லை; வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் புல்வெளியை மூடிவிட்ட வாட்டில் மரம். பெரிய மரங்களை ஆட்கள் முன்பே வெட்டிவிட்டார்கள். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி முளைத்து வரும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை நாற்று, எத்தனை வகைப் புல் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் பிடுங்க விடுவார்களாம். முதல் வாரம் சலித்துக்கொண்டான். அப்புறம் புல்லுக்கெல்லாம் பெயர் கேட்க ஆரம்பித்தான்.

ஒருநாள் பழைய பால் பவுடர் டப்பாவின் அடியையும் வெட்டி எடுத்து, மண்ணில் பாதி அழுத்தி, தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்திருக்கிறார்கள். புல்லுக்குள் மளமளவென்று இறங்கிவிட்டது. ஆள் நடந்து இறுகிப்போன பாதையில் அப்படியே தேங்கி நின்றது. அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "அம்மா, 2019-ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்தத் தண்ணியெல்லாம் எங்கம்மா போயிருக்கும்?" மண் அரிப்பை அதுவரை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தவன் அவன்.

அதற்கு முந்தைய வருடம் பள்ளியில் மரம் நட அழைத்துப் போனார்கள். நட்டது நல்ல புல்வெளியில். மரம் இல்லாத இடம் வெறும் இடம் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். வெள்ளைக்காரர்களும் அப்படி நினைத்துத்தான் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூக்கலிப்டஸையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று நாமும் மலை மலையாக நட்டோம். வரையாடு மேய்ந்த இடமும் குறிஞ்சி பூத்த சரிவும் அதில் போயின. மழையைப் பிடித்துவைத்துப் பவானிக்கும் மோயாற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது சோலையும் புல்லும்தான்.

சரி, கூலி ஏன்? சுற்றுலா சீசனில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் கடையிலும் பார்க்கிங்கிலும் நிற்கிறார்கள். வீட்டுக்கு அந்தப் பணம் வேண்டும். சான்றிதழ் மட்டும் தருகிறோம் என்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். என் மகனோடு வந்த தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண், கூலி இருந்ததால்தான் வந்தாள். செடிகளை அடையாளம் காண்பதில் அவளை யாராலும் முந்த முடியவில்லை. அமெரிக்காவில் 1970-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்து, 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கோடையில் பூங்காக்களிலும் காடுகளிலும் சம்பளத்தோடு வேலை கொடுத்துவருகிறார்கள். நம் சட்டமும் 14 வயது முடிந்தவர்களை ஆபத்தில்லாத வேலையில், ஓய்வு சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் அனுமதிக்கிறது. கத்தி, களைக்கொல்லி மருந்து, யானை நடமாடும் இடம் எல்லாம் பெரியவர்களோடு நிற்கட்டும்.

அயல் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. மரம் வெட்ட இயந்திரம் போதும். வருடா வருடம் முளைக்கும் நாற்றைப் பிடுங்கக் கைகள் வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கோடைக் கூலியாக ஒதுக்கலாமே! புல்லும் சோலையும் அறிந்த தோடர், கோத்தர், இருளர் பெரியவர்களுக்கும் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தர அழைக்கலாம். வனத்துறையும் பள்ளிக்கல்வித் துறையும் பிப்ரவரிக்குள் அறிவித்தால்தான் சீசன் வேலைக்குப் பேசிவைக்கும் முன் பிள்ளைகள் வந்து சேர்வார்கள்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அண்ணன் போன வேலைக்குத் தானும் போகவேண்டும் என்கிறாள். அந்தக் குழுவிடம் இந்த வருடம் கூலிக்குப் பணம் இல்லையாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.