பேர் தெரியாத ஜீப் அண்ணாவுக்கு நன்றி

மூணாறு பக்கம் எஸ்டேட் லயம் எங்களது, தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடு. கொரோனால பள்ளிக்கூடம் மூடிக் கெடந்தப்ப, 2020 ஜூன் 1-ல கேரள அரசோட விக்டர்ஸ் கல்விச் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்னு கிளாஸ் ஆரம்பிச்சாங்க, டிவில ஓடுனது மலையாளம், தங்கச்சி தமிழ் மீடியம், டீச்சர் வாட்ஸப்ல அனுப்புறதுதான் பாடம், ஆனா லயத்துல சிக்னல் ஒரு கோடுகூட வராது. கோயம்புத்தூர்ல சித்தி பொண்ணு லேப்டாப் முன்னாடி உக்காந்து போர் அடிக்குதும்பா, இவ சிக்னல் தேடி மேட்டு வளைவுல மழைல அட்டைக்கடி வாங்கிட்டு நிப்பா. அங்கதான் நீங்க தெனம் ஜீப்ப நிறுத்தி, பின்சீட்ட இவளுக்கும் இன்னும் மூணு புள்ளைங்களுக்கும் குடுத்து, ஹாட்ஸ்பாட்டும் போட்டுவிட்டு, வெளிய கொடையோட நின்னீங்க. சவாரியே இல்லாத நேரம் அது, ரீசார்ஜ் எப்படித்தான் பண்ணீங்களோ! காசு நீட்டுனா "படி பாப்பா"ன்னுட்டு திரும்பிக்குவீங்களாம். பத்தாவது பாஸாயிட்டா அண்ணா. அவ கணக்கு நோட்டுல அந்த அட்டைக்கடி ரத்தக்கறை இன்னும் அப்படியே இருக்கு.