ஒடுக்கு போட்டுச் செய்த வாத்தியம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. "தார் டிரம்மைத் தட்டினால் டமடமவென்று சத்தம் வரும், சுரம் எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறாய். கரீபியன் தீவான டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழாவுக்குப் போகுமுன் நீ இதைக் கேட்டது நல்லது. அந்த டிரம்மில் செய்யும் ஸ்டீல்பான் (சுருக்கமாகப் பான்), கறுப்பின மக்கள் வீம்புக்குப் பிடித்துவைத்த வாத்தியம். அதைத் தற்செயலாகக் கிடைத்த வேடிக்கைப் பொருள் என்று எழுதுகிறவர்களை நம்பாதே.

1881 கார்னிவலில் போலீசுக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்களுக்கும் கைகலப்பு. 1884-இல் காலனி அரசு சட்டம் போட்டுத் தோல்பறையை ஒடுக்கியது. அதே ஆண்டில்தான் சான் பெர்னாண்டோவில் இந்தியக் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் ஹோசே (முஹர்ரம்) ஊர்வலத்தின் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பறை போனதும் மூங்கிலை எடுத்தார்கள். நீளமான கழியைத் தரையில் குத்தினால் அடித்தாளம், சிறு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் மேல்தாளம். மூங்கில் சீக்கிரம் பிளந்துவிடும். அந்த இடத்துக்கு 1930-களில் பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி, காரின் பிரேக் டிரம் எல்லாம் வந்தன. அடிபட்டுக் குழிந்த இடம் வேறு சுரம் தருவதைக் காது கண்டுபிடித்தது.

இனி உன் கேள்வி. வேண்டியது 55 காலன் எண்ணெய் டிரம். அதன் அடித்தகட்டை விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் ஒடுக்கு எடுப்பார்கள். அங்கே போடுகிறார்கள், அவ்வளவுதான்! ராகத்தை நடத்தும் டெனர் பானுக்கு 20 செ.மீ. அளவு ஆழம், கீழ்ஸ்தாயி தரும் பேஸுக்கு அதில் பாதி. ஒரே இடத்தில் அதிகம் அடித்தால் அங்கே தகடு மெலிந்து, பிறகு எந்தச் சுரமும் நிற்காது. ஆழம் சரியானதும் சுர எல்லைகளை வரைந்து, முனை மழுங்கிய உளியால் வரப்பு போடுவார்கள். ஒரு சுரத்தின் அதிர்வு பக்கத்துச் சுரத்துக்குள் கசியாமல் தடுப்பது அந்த வரப்புதான். முனை கூராக இருந்தால் தகடு கிழியும். பிறகு பக்கச் சுவரை வெட்டுவார்கள். டெனருக்கு ஒரு சாண் அளவுகூட மிஞ்சாது, பேஸுக்கு முழு டிரம்மும் அப்படியே இருக்கும்.

அடுத்தது சூடு. நெருப்பின் மேல் வைத்து, தகட்டில் நீலம் பாய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். சம்மட்டி அடியில் குலைந்த எஃகை இந்தச் சூடு இறுக்குகிறது. அளவு மீறினால் எஃகு இளகிவிடும். அப்படிப்பட்ட பான் மாதக்கணக்கில்கூடச் சுருதியில் நிற்காது.

சுருதி சேர்ப்பதுதான் உண்மையான வித்தை. சிறு சுத்தியலால் கீழிருந்து தட்டி மேடாக்கி, மேலிருந்து தட்டித் திருத்துவார்கள். சுரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதே மேட்டின் நீளவாக்கில் மேல்ஸ்தாயியும், குறுக்குவாக்கில் இன்னொரு இணைசுரமும் ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் தகரச் சத்தம்தான். இந்த முறைக்கு வழிகாட்டியவர் பெர்ட்டி மார்ஷல். சுரங்களை ச-ப உறவில் அடுத்தடுத்து வட்டமாக வைத்தவர் ஆன்டனி வில்லியம்ஸ். பக்கத்துச் சுரம் கூடவே அதிர்ந்தாலும் அது உறவுச் சுரமாக இருப்பதால் காதை உறுத்தாது. உனக்கு ஒரு ஏமாற்றம் உண்டு: கமகத்துக்கு வழியில்லை. நீண்ட சுரம் வேண்டுமானால் ரப்பர் சுற்றிய இரு கோலாலும் வேகமாக மாற்றி மாற்றித் தட்டுவார்கள். கோலின் ரப்பர் தேய்ந்துவிட்டால் ஒலி கரகரக்கும். ஓங்கி அடித்தால் சுருதி கலையும். உச்சிவெயிலில் வைத்தால் சுருதி இறங்கும்.

ஸ்டீல்பான் குழுக்கள் மோதும் பானோரமா போட்டி 1963-இல் தொடங்கியது. முதல் பரிசு வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் குழுவுக்கு. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் குயின்ஸ் பார்க் சவானாவில் இறுதிச்சுற்று நடக்கும். கார்னிவல் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு. பெரிய அணியில் 100 பேருக்கு மேல், கிடைப்பது 8 நிமிடம். பெரும்பாலோர் தாள் பார்ப்பதில்லை. இசையமைப்பாளர் துண்டு துண்டாக வாசித்துக் காட்ட, கேட்டே மனப்பாடம் செய்வார்கள். வழக்கமாக நடக்கும் பிழை, உற்சாகத்தில் காலப்பிரமாணம் ஓடிவிடுவது. அதைப் பிடித்து நிறுத்துவது நடுவில் இருக்கும் தாளக்குழு. அதற்கு 'எஞ்சின் ரூம்' என்று பெயர். அங்கே பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிப்பவர்தான் உண்மையான தலைவர் என்பது என் கட்சி.

ரெனகேட்ஸ் குழுவின் பதிவு கிடைத்தால் கேள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜிட் சமரூ இசையமைத்து அவர்கள் 9 முறை வென்றார்கள். 1884-இல் இரு இனத்தாரும் வாங்கிய அடியை நினைத்துப் பார்த்தால், அந்த ஒன்பதும் எனக்குச் சாதாரணக் கணக்காகத் தெரியவில்லை.

டிக்கெட்டுக்கு ரொம்பச் செலவழிக்காதே. போட்டிக்கு முந்தைய வாரங்களில் மாலை வேளையில் குழுக்கள் பயிற்சி செய்யும் இடமான பான்யார்டு ஏதாவது ஒன்றுக்குப் போ. ஒத்திகையை நின்று கேட்கலாம். முதலில் பேஸ் பக்கம் நில். ஒருவரைச் சுற்றி 6 முதல் 12 டிரம் வரை இருக்கும், ஆள் ஆடிக்கொண்டேதான் வாசிப்பார். பிறகு டெனர் வரிசைக்கு நகர். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்.

அன்புடன்,
சேகர்